டால்ஃபின் காரின் அடியில் தார் கோட்டிங்: எப்படி எடுப்பது?

கோத்தகிரிக்காரன்:
மாமனாரின் சிபானி டால்ஃபின் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 80களில் பெங்களூரில் செய்த அந்த ஃபைபர் பாடி, இரண்டு கதவு வண்டிதான். 848 சிசி என்ஜின் நன்றாக ஓடுகிறது. கவலையெல்லாம் அடிப்பாகத்தில். எந்தக் காலத்திலோ தார் மாதிரி அண்டர் கோட்டிங்கைக் கனமாக அப்பியிருக்கிறார்கள். இப்போது பாளம் பாளமாக வெடித்து, இடுக்கில் ஈரம் நிற்கிறது. மதிய வெயிலில் டிரைவர் சீட்டுக்கு அடியில் நெம்பினால் வெல்லப்பாகு கணக்காக இழுக்கிறது. ஒரு கடையில் பெயிண்ட் ரிமூவர் ஊற்றலாம் என்கிறார்கள், இன்னொரு கடையில் மணல் அடிக்கலாம் என்கிறார்கள். எதை நம்புவது? எடுத்த பிறகு என்ன பூசுவது?

குன்னூர் ஜீப்:
மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேயுங்கள். என் ஜீப்புக்கு அப்படித்தான் வந்தது. நாற்றம் போகத்தான் நாளாகும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
தம்பி, இரண்டுமே வேண்டாம். ரிமூவரில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு பெயிண்டோடு நிற்காது, ஃபைபர் நாரைப் பிணைத்திருக்கும் பாலியஸ்டர் ரெசினையும் சேர்த்து ஊறவைத்துவிடும். மணல் அடிப்பது இரும்புக்குச் சரி. ஃபைபரில் அடித்தால் மேல்பூச்சான ஜெல்கோட் பறந்து, உள்ளே இருக்கும் நார் வெளியே நிற்கும்.

உங்கள் ஊர்க் குளிரே பாதி வேலையைச் செய்யும். ஜனவரியில் விடிகாலையில் தார் விறைத்திருக்கும்போது, பிளாஸ்டிக் ஸ்கிராப்பரைச் சாய்த்துப் பிடித்து மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் சில்லு சில்லாக உதிரும். இரும்பு உளி வேண்டாம், ஃபைபரைக் கீறும். வெயில் ஏறியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தட்டினால் இழுவைதான்.

பிடிவாதமாக ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஹாட் ஏர் கன். அதிலும் கவனம். தார் இளகும் சூடும், சாதாரண ரெசின் தளரும் சூடும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. 60, 70 டிகிரியிலேயே ரெசின் விறைப்பை இழக்க ஆரம்பிக்கும். புறங்கையை வைத்துத் தாங்க முடியவில்லை என்றால் அங்கே சூடு அதிகம். பக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணி, பெட்ரோல் பைப் எதுவும் இருக்கக் கூடாது.

மிச்சக் கறைக்கு ஜீப்காரர் சொன்ன மண்ணெண்ணெய் சரி, டர்பன்டைன் இன்னும் நல்லது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தின்னர் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் பிசுக்கு நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 80 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. முழுக்கைச் சட்டை, மாஸ்க், கண்ணாடி கட்டாயம். அந்தத் தூசு பட்டால் ராத்திரி முழுக்க அரிப்புதான்.

கல் பட்ட இடத்தில் நட்சத்திர வடிவில் கீறல் இருக்கும். பட்டி வைத்து மூடாதீர்கள், மறுபடி விரியும். கீறலைச் சரிவாகத் தேய்த்துத் திறந்து, 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் போடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே ரெசின் ஒழுங்காகச் செட் ஆகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். அதற்காக, ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரை அதிகம் ஊற்றக் கூடாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேராகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட், அது நன்றாகக் கலந்த பிறகு ஹார்ட்னர். கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகை மழை விட்டுப் பிப்ரவரி மார்ச்சில் செய்யுங்கள். அதுவரை பொறுமை இல்லையென்றால் வண்டியோடு கீழே இறங்கி வாருங்கள், இங்கே ரெசின் நிமிடத்தில் இறுகும்.

பிறகு எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பியு (பாலியூரிதேன்) கறுப்பு பெயிண்ட், போதும். மறுபடி தார் வேண்டாம். ஃபைபருக்குத் துரு கிடையாது, அதற்கு எதற்கு அந்தப் போர்வை?

கொடைக்கானல் பழைய வண்டி:
அண்ணா, எதுவும் இல்லாமல் விட்டால் ஜல்லி ரோட்டில் கல் அடிக்கும் சத்தம் தாங்காதே? எங்கள் பெருமாள்மலைப் பக்கம் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
சத்தத்துக்கு உள்பக்கம் தரையில் ஷீட் ஒட்டுங்கள். கல் அடிக்கு வீல் ஆர்ச்சில் மட்டும் மெல்லிய ஸ்டோன் கார்ட் பூச்சு. அங்கேதான் டயர் கல்லை எறிகிறது.

தம்பி, முக்கியமான இடம் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். உடம்பு ஃபைபர் என்றாலும் கீழே இருப்பது இரும்பு. தாருக்குள் நின்ற ஈரம் அதைத்தான் தின்றிருக்கும். பாடியைச் சேஸிஸோடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் பாடி மவுண்ட் இடங்களில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பிழைத்தது, பொத்தென்று கேட்டால் துரு. ஜாக்கியும் ஸ்டாண்டும் சேஸிஸில்தான் கொடுக்க வேண்டும், ஃபைபர் தரையில் கொடுத்தால் பிளந்துவிடும்.

கோத்தகிரிக்காரன்:
தட்டிப் பார்த்தேன் அண்ணா. பின்சக்கரத்துக்கு முன்னால், இடதுபக்கம் பொத்தென்கிறது. பாடியைத் தூக்கியே ஆக வேண்டுமா?

மேட்டுப்பாளையம் பட்டறை:
அங்கே வெல்டிங் வைக்கத் தூக்கித்தான் ஆக வேண்டும், தீப்பொறி ஃபைபருக்கு ஆகாது. பாடி கனம் இல்லை, நாலு பேர் போதும். இன்றைக்கே போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறப்போடுங்கள். முறுக்கும்போது இறுக்கமாக இருந்தால் அடம்பிடிக்காமல் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஃபைபரோடு பிய்த்துக்கொண்டு வரும்.