1921 பெண் வாக்குரிமை: யாரை நினைவுகூர்வது?

அடையாறுக்காரி:
1921 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். அந்த நாளில் பள்ளிகளில் ஒரு வகுப்பு நேரமாவது ஒதுக்கி, அதற்காக அலைந்த பெண்களைப் பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும். மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, சரோஜினி நாயுடு என்று தொடங்கலாம்.

செம்மண்:
தீர்மானம் வந்தது நீதிக்கட்சி ஆட்சியில். அதை முதலில் சொல்லுங்கள் அக்கா. பனகல் அரசர் காலத்துச் சாதனை இது. அடையாறு பிரம்மஞான சபைப் பெண்கள் மனுக் கொடுத்தார்கள், சரி. மனு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நிறைவேற்றியவர்களுக்கு அல்லவா நன்றி சொல்ல வேண்டும்?

அடையாறுக்காரி:
தோழர், 1921 ஏப்ரலில் முதலமைச்சர் சுப்பராயலு ரெட்டியார். பனகல் அரசர் ஜூலையில்தான் பதவிக்கு வந்தார். நீதிக்கட்சியின் பங்கை நான் மறுக்கவே இல்லை. ஆனால் வெறும் மனு என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்குகிறது. அந்த டிசம்பரிலேயே இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் நேரில் போய் வாக்குரிமை கேட்கிறார்கள். யாருக்கு வாக்குரிமை என்று ஆராய வந்த பிரிட்டிஷ் சவுத்பரோ குழு முடியாது என்று தள்ளிவிட்டது. விட்டார்களா? 1919இல் ஹீராபாய் டாட்டாவும் மகள் மிதனும் பம்பாயிலிருந்து கப்பலேறி லண்டனுக்கே போய் வாதாடினார்கள். அதற்கெல்லாம் பிறகுதான், மாகாணச் சட்டமன்றங்களே முடிவு செய்யட்டும் என்று 1919 இந்திய அரசுச் சட்டம் வழிவிட்டது. கசின்ஸ் அயர்லாந்தில் இதே உரிமைக்காக டப்ளின் கோட்டையின் சன்னல் கண்ணாடியை உடைத்துச் சிறை போனவர், உள்ளே உண்ணாவிரதம் இருந்தவர்.

இன்னொன்று. அடையாறு பிரம்மஞான சபைத் தலைவி அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் (தன்னாட்சி) இயக்கத்தை நீதிக்கட்சி எவ்வளவு கடுமையாக எதிர்த்தது என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட கட்சியின் ஆட்சியிலேயே அடையாறிலிருந்து கிளம்பிய கோரிக்கை நிறைவேறியது என்றால், அந்தப் பெண்கள் எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும்!

திண்ணை வாசகன்:
நீங்கள் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறீர்கள். 1921இல் ஓட்டு யாருக்குக் கிடைத்தது? சொத்து வைத்திருந்த, வரி கட்டிய பெண்ணுக்கு. நாற்று நட்டவளுக்கு இல்லை. அவள் 1952 தேர்தலில்தான் வாக்குச்சாவடிக்குப் போனாள். கொண்டாடுவதென்றால் அதைக் கொண்டாடுங்கள்.

செம்மண்:
சொத்து விதியைப் போட்டது லண்டன். பெண் என்பதற்காக இருந்த தடையை நீக்க மட்டும்தான் இங்கே அதிகாரம். அதை நீக்கியதும் ஆணுக்கு என்ன தகுதியோ அதுவே பெண்ணுக்கும் ஆனது. பிரிட்டனில் அந்தச் சமநிலை 1928இல்தான் வந்தது. இந்தக் கதவு திறக்காமல் இருந்தால் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் வந்து தேவதாசி ஒழிப்பைப் பேசியிருக்க முடியுமா?

மலையகத்தான்:
எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். இலங்கையில் 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. இலங்கையின் அரசியலமைப்பை மாற்ற ஆராய வந்த பிரிட்டிஷ் டொனமூர் ஆணைக்குழு முன்னால் அதன் செயலாளர் ஆக்னஸ் டி சில்வா சாட்சி சொல்லும்போது, தோட்டத்தில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். அதே காலத்தில் நம்மவரான தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதன் பெண் வாக்குரிமையையே எதிர்த்தார்.

1931இல் சொத்து, படிப்பு பார்க்காமல் 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு வந்தது. எங்கள் ஆட்களிடம் மட்டும் நிரந்தரக் குடியிருப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். அப்படிக் கிடைத்ததையும் 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் பறித்தன. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்காக அன்று பேசிய ஆக்னஸை எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லத்தான் செய்வேன்.

திண்ணை வாசகன்:
இதைத்தான் நான் கேட்கிறேன். ஆக்னஸ் சொன்ன அந்தப் பதிலை 1917இல் சென்னைக் குழு சொன்னதா?

அடையாறுக்காரி:
அன்று கேட்டது ஆணுக்குள்ள அதே தகுதியில் பெண்ணுக்கும் வாக்கு. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. 1931இல் மாதர் அமைப்புகள் மூன்று சேர்ந்து, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தன. கணவனின் சொத்தைக் காட்டி மனைவிக்கு ஓட்டுத் தருகிறோம் என்ற யோசனையை எதிர்த்தார்கள்.

திண்ணை வாசகன்:
எதிர்த்தும் 1935 சட்டம் அதையே தந்தது. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோதும், தன் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பெரும்பாலும் வடமாநிலங்களில். உங்கள் வகுப்பில் இவர்களுக்கும் இடம் உண்டென்றால் நான் எதிர்க்கவில்லை. 1921 மட்டும்தான் என்றால் எதிர்ப்பேன்.

செம்மண்:
இடம் கொடுங்கள். சுப்பராயலு ரெட்டியார் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.