மறுமொழி: வலையேற்றமா, வலைப்பெயர்ப்பா?

வணக்கம்.

கேப் டவுன் அக்கா கேட்ட கேள்வி எளிதாகத்தான் தெரிந்தது. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் வரைபட மென்பொருளை உலாவியில் இயங்கும்படி ஆக்குவதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? இதுவரை வந்தவை வலையேற்றம், இணையமயமாக்கம், வலைத்தழுவல்.

வலையேற்றம் எனக்கு ஒப்பவில்லை. கல்யாண போட்டோவை இணையத்தில் போடுவதற்கே அந்தச் சொல்லைப் பழகிவிட்டோம், அதில் கோப்பு அப்படியே மேலே போய் உட்காருகிறது, அவ்வளவுதான். இணையமயமாக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, அரசு அறிக்கை வாடை வேறு.

அப்படியே ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பட்ட பாட்டையே சொல்கிறேன். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயில் நிலத்தின் எல்லையை கியூஜிஐஎஸ் என்ற மேசைக்கணினி வரைபட மென்பொருளில் வரைந்து வைத்திருந்தேன், டர்பனுக்கு உரிய லோ 31 ஆயமுறையில் (ஓர் இடத்தை எக்ஸ், ஒய் என்ற இரண்டு எண்களால் குறிப்பதுதான் ஆயமுறை; 31 என்பது நடுவில் வைக்கும் கிழக்குத் தீர்க்கரேகை). தெரியாதவர்களுக்கு: நம் தென்னாப்பிரிக்க நில அளவையில் தெற்கே போகப் போக எக்ஸ் கூடும், மேற்கே போகப் போக ஒய் கூடும், மற்ற ஊர்க்காரர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். மேசைக்கணினி மென்பொருள் இதையெல்லாம் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறது. இணைய வரைபடங்களோ பெரும்பாலும் வலை மெர்கேட்டரில், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறையில், வரைந்து வெட்டிய சதுரத் துண்டுகள்; இவற்றைத்தான் ஓடுகள் என்கிறோம், ஒவ்வொன்றும் வழக்கமாக 256-க்கு 256 படப்புள்ளி. (ஓடு என்ற சொல்லிலும் எனக்குத் தகராறு உண்டு, பொத்தானில் அதைப் பார்த்தால் நிரலை ஓடச் சொல்கிறதா, கூரை ஓடா என்று குழப்பம். அதைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம்.)

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் என் கோப்பை அந்த ஓடுகளின் மேல் பொருத்திவிட்டு, அளவுக் கருவியையும் அதே தட்டையான ஆயங்களை வைத்துக் கணக்குப் போட விட்டுவிட்டார். மெர்கேட்டரில் பூமத்திய ரேகையை விட்டு விலக விலக எல்லாம் ஊதிக்கொண்டே போகும். டர்பன் கிட்டத்தட்ட தெற்கு 30 பாகையில் இருக்கிறது, அங்கே நீளம் 15 சதவீதம் கூடிவிடும். 100 மீட்டர் மதில் 115 மீட்டர் என்று காட்டியது. பரப்போ மூன்றில் ஒரு பங்கு அதிகம்! கோயில் கூட்டத்தில் ஒரு பெரியவர், "நிலம் வளர்ந்துடுச்சா தம்பி?" என்று கேட்டார்.

சரி, வலைத்தழுவல்? மூன்றில் இதுதான் தேவலை. ஆனால் நாவலைப் படமாகத் தழுவுகிறவருக்குக் கதையை மாற்ற உரிமை உண்டு, வரைபடத்தில் எல்லைக்கல் எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்க வேண்டும். மாறுவது வேலைப் பங்கீடு. வீட்டுக் கணினியில் கோப்பைப் படிப்பது, உருமாற்றுவது, வரைவது எல்லாம் ஒரே நிரலின் பொறுப்பு. வலையில் எதை வழங்கி (சர்வர்) வரைந்து அனுப்ப வேண்டும், எதை உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் வரைய வேண்டும், எதை முன்கூட்டியே ஓடாக வெட்டி வைக்க வேண்டும் என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டி வைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம், ஒவ்வொரு பெரிதாக்க நிலைக்கும் ஓடுகள் நாலு மடங்காகும், உலகம் முழுவதற்கும் 18-ஆம் நிலையில் மட்டும் கிட்டத்தட்ட 6,872 கோடி வருகிறது.

பொருள் மாறாமல் வேறொன்றின் இலக்கணத்துக்குள் கொண்டுபோவதை நாம் ஏற்கெனவே மொழிபெயர்ப்பு என்கிறோம் இல்லையா? அதிலிருந்துதான் எடுத்தேன்: வலைப்பெயர்ப்பு. வினையாக, "கோயில் வரைபடத்தை வலைக்குப் பெயர்த்தோம்."

ஒற்று மிகுமா என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா உடனே கேட்பார், தெரியும். மொழிபெயர்ப்பில் பெயர்வது மொழியே, அதனால் மிகவில்லை. இங்கே பெயர்வது மென்பொருள், வலை அது போய்ச் சேரும் இடம், அதனால் மிகும் என்பது என் வாதம். ஒரே சங்கடம், வேகமாகப் படித்தால் முதலில் 'வலைப்பெயர்' என்று கண்ணில் பட்டு, ஏதோ தளத்தின் முகவரி என்று தோன்றுகிறது. அதற்காக இலக்கணத்தை விட்டு ஒற்றை எடுத்துவிடலாமா? ஐயாவும் அக்காவும் சொல்லுங்கள்.