எஞ்சின் ஆயில் கசிவு: நாமே கை வைப்பதா, ஷெட்டில் விடுவதா?

காருக்கு அடியில் ஆயில் கறை தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "எங்கிருந்து வருது?" என்பது. அது தெரிந்துவிட்டால், நாமே பார்க்கலாமா ஷெட்டில் விடலாமா என்பது பாதி முடிவான மாதிரிதான். அது தெரியாமல் ஸ்பேனரை எடுப்பதும் தப்பு, சாவியைக் கொடுத்துவிட்டு வருவதும் தப்பு.

என் வண்டி 2012 மாடல் வேகன் ஆர். 998 சிசி, மூன்று சிலிண்டர் கே10பி எஞ்சின். வீடு மதுரை கே.புதூர் பக்கம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு அடியில் ஆயில் கசிந்து, தூசி ஒட்டி, தார் போல் இறுகியிருந்தது. ஒரு ஷெட்டில் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்த கையோடு, "கிராங்க் ஆயில் சீல் போயிருச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார். சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். எஞ்சினுக்குள் சுழலுகிற முக்கியத் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட், அது வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கிற வளையம்தான் சீல். அதன் கியர்பாக்ஸ் பக்க சீல் போனாலும் அங்கேதான் சொட்டும். ஆனால் ஆயில் மேலே எங்கிருந்து கசிந்தாலும் கீழேதான் வழியும், ஓடும்போது காற்றும் அதைப் பின்னால் தள்ளும். சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற திரவம்) அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். பெல்ட், ஆல்டர்னேட்டர், கனெக்டர்கள் மேல் டிகிரீசர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்ததும், சந்தேகப்பட்ட இடங்களில் சாதாரண டால்கம் பவுடரைத் தூவிவிட்டேன். அப்புறம் அழகர்கோவில் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்து பானெட்டைத் திறந்தால், எஞ்சினின் உச்சியில் இருக்கிற மூடியான டேப்பெட் கவரின் கியர்பாக்ஸ் பக்க மூலையில் பவுடர் நனைந்து பழுப்பாக ஒரு கோடு. அது சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் இறங்கி, பிளாக் வழியாக அந்தச் சந்திப்பு வரைக்கும் போயிருந்தது. கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் ஒரு நாள் வேலையும் அதற்கான லேபரும் போயிருக்கும், கசிவு மட்டும் அப்படியே இருந்திருக்கும். அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கழுவிப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை, எனக்கு இருந்தது, அவ்வளவுதான்.

டேப்பெட் கவர் பேக்கிங்கை, அதாவது மூடிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஆயிலை அடைக்கிற ரப்பர் பட்டையை, மாற்றுவது வீட்டிலேயே தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. வண்டியைத் தூக்க வேண்டியதில்லை, நின்றபடியே செய்யலாம். பேக்கிங் விலையும் கையைக் கடிக்காது. கவருக்கு மேலே இருக்கும் இக்னிஷன் காயில்களை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுப்பவை) கழற்றியபோது ஒன்றின் ரப்பர் நுனி ஆயிலில் நனைந்திருந்தது. பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமும் இறுகிப்போய், ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது. வண்டி லேசாக மிஸ் அடித்ததற்குக் காரணம் அதுதான். அதனால் பேக்கிங் வாங்கும்போதே பிளக் குழி வளையங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் அவசரம் கூடாத இடங்கள் உண்டு. பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. ஹெட் அலுமினியம், கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவுக்கு வழி. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும். சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழாமல் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். டைமிங் கவரும் (எஞ்சினின் ஒரு பக்கத்தில் டைமிங் செயினை மூடியிருப்பது) ஹெட்டும் சேருகிற இரண்டு மூலைகளில் மட்டும் சிலிகான் சீலன்ட் ஒரு பொட்டு வைத்தால் போதும், சுற்றிலும் அப்பினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் வழியை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே வரும்படி கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இவை சின்ன போல்ட்டுகள். பெரும்பாலான சிறிய எஞ்சின்களில் இவற்றை இறுக்க வேண்டிய முறுக்கு விசை 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். "நல்லா இறுக்கினா ஒழுகாது" என்று பலம் காட்டினால் ரப்பர் நசுங்கிப் பிதுங்கும், கவர் வளையும், மரை போகும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் கையில் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி கைக்கு எட்டுகிறவை ஆயில் ஃபில்டரும் ஆயில் பிரஷர் சுவிட்ச்சும். ஃபில்டர் ஒழுகினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி நடக்கிற விஷயம் இது.

ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட் எளிது மாதிரி தெரியும், ஆனால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரு இடத்தில் ஆயில் மாற்றிய பிறகு அந்தப் போல்ட்டில் சொட்ட ஆரம்பித்தது. "இன்னும் ரெண்டு திருகு திருகிருவோம்" என்று பெரிய ஸ்பேனரோடு வந்தார். நான் தடுத்தேன். அந்தப் போல்ட்டின் வாஷர் நசுங்கித்தான் அடைக்கும், ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டும். பழைய வாஷரையே போட்டிருந்தார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியான சம்ப் அலுமினியமாக இருந்தால் கூடுதல் முறுக்கில் மரை பிய்ந்துவிடும், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும். சுசுகியின் சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் டிரெயின் போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர்தான், நீளமான கைப்பிடியில் அது மிகக் குறைவான பலம். அண்ணன் வாஷரை மாற்றினார், சொட்டு நின்றது.

நாம் கை வைக்கவே கூடாத சந்தர்ப்பமும் உண்டு. மாசிப் பச்சைக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அந்த வண்டிப்பாதைகள் தெரியும். நடுவில் மேடு, மேட்டில் கல். என் சித்தப்பா மகன் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போனதில் சம்ப் கல்லில் தட்டிவிட்டது. சத்தம் கேட்டும் வண்டி ஓடியதால் திரும்பிவிட்டான். செக்கானூரணி பக்கம் வரும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. போன் போட்டான். "அண்ணே, மதுரை பக்கந்தானே, மெதுவா உருட்டிட்டு வந்துரவா?"

"ஆஃப் பண்ணு. ஒரு அடி நகர்த்தாதே" என்றேன்.

அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவது இல்லை, அழுத்தம் விழுந்ததைக் காட்டுவது. அது எரிந்தால் கிராங்க் பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மெதுவாக ஓட்டினாலும் உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசும். டீக்கடையில் யாரோ எம்-சீல் (ஓட்டையை அடைக்கிற பசைக்களி) வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் அது பிடிக்காது, பிடித்தாலும் எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் நம்ப முடியாது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். சம்ப் விரிசல் விட்டிருந்தது, ஷெட்டில் புதிது மாற்றினார்கள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் உடனே நிறுத்தியதால்தான்.

எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் ஆயில் சொட்டி, தீய்ந்த வாடையும் புகையும் வந்தாலும் அப்படித்தான். நெருப்புப் பிடிக்கக்கூடிய இடம் அது. நேரமிருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அந்த வண்டியில் கொடைக்கானல் மலை ஏறவும் வேண்டாம்.

உண்மையிலேயே கிராங்க் சீல் என்று உறுதியானால் ஷெட்டுக்கே விடுங்கள். சீல் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள், தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டாம். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் எந்தக் கசிவாக இருந்தாலும் நாமாகக் கழற்றாமல் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோவதுதான் சரி.

வண்டிக்கு அடியில் போகிற எந்த வேலைக்கும் வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். சமதரை, சக்கரத்துக்குக் கட்டை, ஜாக் ஸ்டாண்ட் மூன்றும் இல்லையென்றால் அந்த வேலை நம்முடையது இல்லை. நம் தெருக்களில் பாதி வாசல் சரிவாகத்தான் இருக்கிறது.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கால்வாய் வழியாக வைகைக்கோ ஏதாவது கண்மாய்க்கோதான் போய்ச்சேரும். 2016 அபாயக் கழிவு விதிகளின்படியும் அது அபாயக் கழிவு. கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்குக் கொடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடலாம்.

சித்திரை வெயிலில் ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்கு அடியில், பெரும்பாலும் முன் சீட்டு ஆள் கால் வைக்கிற பக்கம், தெளிவாகச் சொட்டுவது வெறும் தண்ணீர். அதற்குப் பயப்பட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இரவில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பழுப்பு அல்லது கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். பச்சை, ரோஸ் நிறத்தில் நீர்த்து இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் வழுவழுவென்று வெளிர் நிறமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. புது பேக்கிங், புது சீல் போட்டும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகினால் பேக்கிங்கைக் குறை சொல்வதற்கு முன் பிசிவி வால்வைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேருகிற வாயுவை வெளியேற்றுகிற சின்ன வால்வு அது. அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான இடமாகப் பார்த்து ஆயிலை வெளியே தள்ளும். என் பேக்கிங் வேலையோடு அதையும் கழற்றி ஆட்டிப் பார்த்தேன், உள்ளே லொடலொடவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை. அதையும் மாற்றியபிறகுதான் கவரைச் சுற்றி ஈரம் வருவது முழுசாக நின்றது.