பள்ளி மேலாண்மைக் குழு: பெற்றோர் கையெழுத்துப் போட மட்டும்தானா?

கயல் அம்மா:
மகள் அரசு நடுநிலைப்பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கிறாள். என்னையும் மேலாண்மைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கூட்டத்துக்குப் போனால் தீர்மானம் நோட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது, டீ கொடுத்து கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, அதற்குப் பயந்தே மகள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. கேட்டால் "அடுத்த கூட்டத்துல பார்ப்போம்மா" என்கிறார் ஹெச்.எம். எங்களுக்கு நிஜமாகவே உரிமை இருக்கிறதா? பிள்ளைகள் சொல்வதை அங்கே எப்படிக் கொண்டுபோவது?

பழைய வாத்தியார்:
இருக்கிறதும்மா. 2009 கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவைப் பாருங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்காவது பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் உங்கள் குழுவின் வேலை. கோரிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள், தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ஹெச்.எம்.மை எதிரியாக நினைக்காதீர்கள். பெரிய கட்டட வேலைக்கு அவரும் மேலே கேட்டுத்தான் ஆக வேண்டும், குழுவின் தீர்மானம் கையில் இருந்தால் அவருக்கும் அது பலம்தான்.

தறிக்காரர்:
சார் சொல்வது சரி, ஆனால் தனியாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கோபத்தைப் பிள்ளையிடம் காட்டிவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள் அக்கா. இன்னொன்று, வேலை நாளில் மதியம் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? வசதி உள்ள நாலு பேர் மட்டும் உட்கார்ந்து எடுப்பதை பெற்றோர் முடிவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முன்னாள் மாணவி:
மத்திய அரசின் மாதிரி விதிகளில், பெற்றோர் போக மீதியுள்ள கால் பங்கில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர்களுக்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கோ கொடுக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் அத்தனை பெரியவர்கள் நடுவில் ஒரு பெண் பிள்ளையை உட்கார வைத்தால் கழிப்பறை பற்றி வாயே திறக்காது. முதலில் ஒரு டீச்சரம்மா வகுப்பு வகுப்பாகப் போய், பெயர் எழுதாத சீட்டு வாங்கட்டும். அந்தச் சீட்டுகளைக் கூட்டத்தில் அப்படியே வாசிக்க வேண்டும், என்ன முடிவானது என்று திரும்ப வகுப்புக்கு வந்து சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த தடவை ஒருத்தரும் எழுத மாட்டார்கள்.

கயல் அம்மா:
நன்றி. சீட்டு விஷயத்தை நாளைக்கே டீச்சரிடம் பேசுகிறேன். கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றச் சொல்லி உங்கள் ஊரில் யாராவது கேட்டு நடந்திருக்கிறதா?