அடிபட்ட மானைத் தொலைக்காமல் பிடிப்பது எப்படி?

தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட் என்ற வேட்டை வீடியோ கேம் ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள். நான் இன்னும் ஜெர்மனிக் காடான ஹிர்ஷ்ஃபெல்டனைத் தாண்டவில்லை, கையில் ஆரம்பத்திலேயே கொடுக்கிற அந்த .243 ரேஞ்சர் துப்பாக்கிதான். நேற்று ராத்திரி சுமார் 150 மீட்டரில் ஒரு ஆண் ரெட் டியர் மான், நல்ல கொம்பு, ஆனால் பக்கவாட்டில் நிற்காமல் பாதி திரும்பி நின்றது, இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்திருக்கலாம், எங்கே கேட்கிறது கை! சுட்டுவிட்டேன்.

போய்ப் பார்த்தால் இலைமேல் நாலு சொட்டு ரத்தம், ரத்தக்கசிவு குறைவு என்று காட்டியது. சரி, நுரையீரலில் படவில்லை என்று புரிந்துவிட்டது. உடனே பின்னாலேயே ஓடினேன், நான் ஓட ஓட அதுவும் ஓடியது. முக்கால் மணி நேரம் இப்படியே போய், கடைசியில் வேறு மான்களின் தடங்களோடு கலந்து காணாமலே போய்விட்டது.

சுட்டதும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டால் அது நின்றுவிடுமா? குனிந்து மெதுவாகப் போனால் வித்தியாசம் தெரியுமா? ரத்தம் நின்ற இடத்திலிருந்து நீங்கள் எப்படித் தேடுவீர்கள், வட்டமடித்தா, நேராகவா? அப்புறம், தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பிளட்ஹவுண்ட் நாய் இதற்கு உதவுமா? 'ஒழுங்காகக் குறிபார்த்துச் சுடு' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை என் தம்பியே நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.