கன்சாஸ் புல்வெளியில் முழங்கால் வலியுள்ளவர் நடக்க ஏற்ற சுற்றுப்பாதை எது?

காட்பாடி வாசகி:
வணக்கம். என் மகன் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரில் பணிபுரிகிறான். செப்டம்பர் மாதக் கடைசியில் நானும் என் மாமியாரும் அங்கே செல்லவிருக்கிறோம். ஃப்ளின்ட் ஹில்ஸ் பகுதியிலுள்ள டால்கிராஸ் பிரெய்ரி தேசியப் பாதுகாப்பகத்துக்கு அழைத்துச் சென்று, புல்வெளிக்குள் ஒரு சுற்று நடக்க வைப்பதாக மகன் சொல்கிறான். மாமியாருக்கு எழுபது வயது. தினமும் காலையில் வேலூர்க் கோட்டை அகழியோரம் நடப்பவர்தான் என்றாலும், மேடேறி இறங்குவது முழங்காலுக்கு ஆகாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும் சுலபமான பாதை அங்கே உண்டா? பைசன்கள் என்னும் அமெரிக்கக் காட்டெருமைகள் திறந்தவெளியில் திரிகின்றனவாமே, அவற்றினிடையே நடக்க வேண்டியிருக்குமா?

குடியாத்தத்துக்காரர் (இப்போது கன்சாஸில்):
அவருக்கு ஏற்றது பாட்டம்லேண்ட் பாதை. ஃபாக்ஸ் க்ரீக் ஓடையை ஒட்டிய தாழ்நிலத்தில் சமதளமாகச் செல்லும் இது இரண்டு சிறு வளையங்களாக அமைந்திருப்பதால், முதல் வளையம் முடிந்ததும் கால் வலித்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும் நடந்தாலும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். சவுத்விண்ட் பாதையும் சுற்றுப்பாதையே, நீளம் 1.75 மைல். காட்சி அதில்தான் அதிகம், ஆனால் மேடு பள்ளம் உண்டு. நீங்களும் மகனும் மட்டும் போய் வாருங்கள்.

இவ்விரண்டு பாதைகளிலும் பைசன்கள் குறுக்கிடா. 2009-இல் விண்ட் கேவ் தேசியப் பூங்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அவை, விண்ட்மில் பாஸ்ச்சர் என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில் இருக்கின்றன. அதனுள் செல்வது சீனிக் ஓவர்லுக் பாதை. அங்கே போனால் நூறு கெஜத்துக்கு அருகே நெருங்கக் கூடாது. மந்தமாக மேய்வதைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய பிராணி அது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தண்ணீரை மட்டும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், திருப்பத்தூர்:
நல்ல பருவத்தில் போகிறீர்கள். பிக் புளூஸ்டெம் என்னும் புல் செப்டம்பரில் பூத்து, மழை நன்றாகப் பெய்த ஆண்டானால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். தாளின் நுனியில் கதிர் பெரும்பாலும் மூன்றாகக் கிளைத்து விரிந்திருப்பதைக் கொண்டு அதை எளிதில் அடையாளம் காணலாம். நம் பக்கத்துச் சோளமும் கரும்பும் வெட்டிவேரும் அதே புல் குழுவைச் சேர்ந்தவை என்பதால், கணுவையும் தோகையையும் தொட்டுப் பார்த்தால் உங்கள் மாமியாருக்கே உறவு விளங்கிவிடும்.

ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் 17 கோடி ஏக்கர் பரவியிருந்த இவ்வகை உயர்புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற இடங்களில் கரிய மண்ணை உழுது சோளமும் மக்காச்சோளமும் கோதுமையும் விதைத்துவிட்டார்கள். ஃப்ளின்ட் ஹில்ஸில் மட்டும் மேல்மண் மெலிந்து, அடியில் தீக்கல் செறிந்த சுண்ணாம்புப் பாறை இருந்ததால் ஏர் இறங்கவில்லை, நிலம் மாட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்டது. மழை இல்லாததால்தான் அங்கே மரமில்லை என்று நினைக்க வேண்டாம். மரம் வளரப் போதிய மழை உண்டு. வசந்தத்தில் வைக்கப்படும் தீயும் மேய்ச்சலும் சேர்ந்தே மரங்களை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. (நம்மூரில் இப்படியொரு வெளியைக் கண்டால் தரிசு என்று எழுதிவைத்துத் தைல மரம் நட்டிருப்பார்கள்.) நீங்கள் போகவிருக்கும் பகுதியை 1996-இல் தேசியப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள்.

ஆரணி வாசகி:
பாதையை விட உண்ணியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். மாமியார் சேலைதான் கட்டுவார் என்றால் பாதையின் நடுவிலேயே நடக்கச் சொல்லுங்கள்; கொசுவத்தின் அடி ஓரப் புல்லை உரசினால் போதும், உண்ணி ஏறிவிடும். கால்சட்டைக்குச் சம்மதித்தால் அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடலாம். டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவிக்கொண்டு, வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதோரம், தலைமயிர் அடி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். அங்குள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஒவ்வாமை வந்துவிடுகிறது. ஆம்பூர் பிரியாணியை விட மனமில்லாதவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. சிகர் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியும் உண்டு. வேலூர்ப் பக்கத்தில் அதன் இனத்தால்தான் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் பரவுகிறது. கன்சாஸில் பெரும்பாலும் அரிப்போடு போய்விடும்.

நிழலே கிடையாது. குடையும் அந்தக் காற்றில் நிற்காது. தாடையில் கட்டும் தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இடிச்சத்தம் கேட்டால் சுற்றை முடிக்கக் காத்திராமல் காருக்குத் திரும்பிவிடுங்கள், சுற்றிலும் உயரமாக நிற்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

காட்பாடி வாசகி:
மிக்க நன்றி. பாட்டம்லேண்ட் பாதையையே முடிவு செய்துவிட்டோம். கைத்தடி ஊன்றி நடக்க முடியுமா?

குடியாத்தத்துக்காரர்:
தாராளமாக முடியும், பொடிக்கல் பரப்பிய பாதை அது. மழை பெய்த மறுநாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஓடையோரத் தாழ்நிலம் என்பதால் ஈரம் இருக்கும், தடி வழுக்கும்.