அமுக்கப் போய் அம்பலமான கதைகள்: நீங்கள் பார்த்தது என்ன?

ஆட்சியில் இருப்பவர்கள் மறைக்கப் பார்த்த ஒன்று, அந்தக் காரணத்தாலேயே ஊர் முழுக்கப் பரவியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். செய்தித்தாளில் வந்ததை அப்படியே ஒட்ட வேண்டாம்.

மலைக்கோட்டைவாசி:
1987-இல் நான் கல்லூரி மாணவன். மார்ச் 29 ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்பார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். அப்பா பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை; இதழ் பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 4-ஆம் தேதி சட்டமன்றம், ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எம்.ஜி.ஆர். முதல்வர், பி.எச். பாண்டியன் சபாநாயகர். மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு மாமா வந்து நின்றார்: "அந்த விகடன் இருக்காப்பா?" கட்டைப் பிரித்துத் தேடிக் கொடுத்தோம். அப்புறம் அது வீடு வீடாகப் போய், அட்டை இல்லாமல் திரும்பி வந்தது. அதுவரை விகடனே வாங்காத டீக்கடைக்காரர் ஜோக்கை மனப்பாடமாகச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும் ஆசிரியரை விட்டுவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டு 1994-இல் ஜெயித்தார். நஷ்டஈடு 1,000 ரூபாய்.

வேளச்சேரி:
ஐயா, அதே விகடனுக்கு 2025-இல் மறுபடியும். அமெரிக்கா இந்தியர்களை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பிய சமயம். ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்குடன் உட்கார்ந்திருப்பதுபோல விகடன் ப்ளஸில் ஒரு கார்ட்டூன். நான் பார்த்திருக்கவே இல்லை. பிப்ரவரி 15 ராத்திரி விகடன் இணையதளம் முடக்கப்பட்டதும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில், தண்ணி லாரி எப்போது வரும் என்ற விசாரிப்புக்கு நடுவே, நாலு பேர் அந்தப் படத்தைப் போட்டார்கள். படத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அது எல்லார் போனிலும் இருந்தது.

லண்டன் தமிழன்:
இங்கே 2009. எம்.பி.க்கள் வீட்டுச் செலவு என்று எதையெல்லாம் எழுதி வாங்கினார்கள் என்ற கணக்கைக் கொடுக்க மாட்டோம் என்று நாடாளுமன்றம் கோர்ட்வரை போய்த் தோற்றது. அப்புறமும் இழுத்தடித்தார்கள். மே மாதம் முழுக் கணக்கும் டெய்லி டெலிகிராப் பத்திரிகை கைக்குப் போய்விட்டது. ஒருவர் குளத்து வாத்துகளுக்கு மிதக்கும் வீடு வாங்க 1,645 பவுண்டு கேட்டிருந்தார்! அந்தப் பணத்தை நாடாளுமன்ற அலுவலகம் தரவில்லை, ஆனாலும் அவர் பெயரே வாத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஜூனில் நாடாளுமன்றமே வெளியிட்ட நகல்களை ஆபீஸில் திறந்து பார்த்தோம். பக்கம் பக்கமாகக் கறுப்புப் பட்டை. அதுவரை அரசியல் பேசாத என் மேனேஜர் அன்றுதான் வாய்விட்டுத் திட்டினார். சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. அங்கே 300 வருடத்துக்கு மேல் எந்தச் சபாநாயகரையும் அப்படி இறக்கியதில்லை.

வார்டு வாசி:
எங்கள் தெரு கால்வாய் வேலைப் பலகையில் மதிப்பீட்டுத் தொகையை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கறுப்பு பெயிண்ட் அடித்து மறைத்தார்கள், கவுன்சிலர் ஆட்கள். அதுவரை அந்தப் பலகையை யார் படித்தது? இப்போது மூன்று பேர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், பெயிண்ட் செலவை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்.